பஸ்ஸுக்கு நிற்கும் ஆறு பேர்

எங்கள் சொசைட்டியில் மேகலாவை வெல்டிங் ஆன்ட்டி என்றால்தான் பலருக்கும் தெரியும். துவாரகாவில் எங்கள் பிளாக்கிலேயே மூன்றாவது மாடியில் இருக்கிறாள். காலையில் ஆண்கள் போடுகிற முழுக்கைச் சட்டையும் முரட்டு பேண்டுமாக இறங்கி, நஜஃப்கர் ரோட்டில் வாடகைக்கு எடுத்திருக்கும் ஷெட்டுக்குப் போவாள். சாயங்காலம் திரும்பும்போது சட்டையில் தீப்பொறி பட்ட புதிய ஓட்டைகள் இருக்கும். லிஃப்டில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், "பெரிய பெரிய பொம்மை செய்யறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடுவாள்.

அந்தப் பொம்மைகளில் ஒன்று ராய்ப்பூருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் நாற்பதடி உயரத்துக்கு நிற்கிறது. சாய்த்துப் பிடித்த ஒரு முறம், அதிலிருந்து சரியும் நெல், எல்லாம் இரும்பில். அந்த ஊர் ஆட்டோக்காரர்களுக்கு அந்த இடமே இப்போது சூப்பா சௌக், முறச் சந்திதான். விசாகப்பட்டினம் பக்கம் வலை இழுக்கும் கைகள் மட்டும் மணலிலிருந்து எழுந்து நிற்கின்றன. ஒடிசாவில் ஓர் இரும்பாலை நகரத்தின் நுழைவாயில் அவள் செய்தது. எங்கும் அவள் பெயர் கிடையாது. ஓரத்தில் சின்னப் பலகை வைத்திருப்பார்கள், ஒரு மழைக்காலத்தில் அது உதிர்ந்துவிடும். அதைப் பற்றி அவள் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

அவளுக்கு இருந்த ஏக்கம் வேறு. பிறந்து வளர்ந்த டெல்லியில் அவள் செய்தது ஒன்றுகூட இல்லை. அதைவிட மோசம், அவளுக்காகக் கட்டிய வெற்றுப் பீடம் ஒன்று இருந்தது.

மேகலாவின் அப்பா பரமசிவம் மத்திய அரசில் எழுத்தர். சொந்த ஊர் அம்பாசமுத்திரம். லோதி ரோடு பக்கம் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் வீடு. மகள் வங்கித் தேர்வு எழுதுவாள் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்க, அவள் டெல்லியிலேயே கலைக் கல்லூரியில் சிற்பப் பிரிவில் சேர்ந்துவிட்டாள். உறவினர்கள் விசாரித்தார்கள்: "சிற்பியா? எந்தக் கோயில்ல?" பரமசிவம் "அவ இரும்புல என்னவோ செய்யுதா" என்று முடித்துக்கொள்வார். ஆனால் மகள் கேட்டபோதெல்லாம் காசு கொடுத்தார், இரவு எத்தனை நேரமானாலும் கதவைத் திறந்தார்.

அவர் தினமும் பஸ்ஸில் போய்வந்தவர். கல்லூரியில் இருந்தபோது ஒரு நாள், தானும் வேறு பஸ்ஸுக்காகச் சாலையின் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டிருந்த மேகலா அப்பாவைப் பார்த்தாள். கையில் டிபன் பை. நடைபாதை விளிம்பில் நின்று, உடம்பைச் சாலைக்குள் சாய்த்து, தூரத்தில் வரும் பஸ்ஸின் நம்பரைப் படிக்கக் கண்ணை இடுக்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண். பிறகு ஒரு சர்தார்ஜி, ஒரு பள்ளிச் சிறுமி, கருவிப் பையோடு ஒரு கொத்தனார், புத்தகங்களை மார்போடு அணைத்த ஒரு மாணவன். ஆறு பேரும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தார்கள். ஒருவரை ஒருவர் அறியாதவர்கள், காற்றில் வளைந்த ஒரே செடியின் கிளைகளைப் போல நின்றார்கள். நம்பர் தெரிந்ததும் ஆறு பேரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்துவிட்டார்கள். அது அவர்கள் பஸ் இல்லை.

"அப்பாவ அதுக்கு முன்னால அப்படி நான் பாத்ததே இல்ல" என்று மேகலா என்னிடம் சொன்னாள். "வீட்டுல அவர் அப்பா. அங்க அவர் காத்திருக்கற ஒரு ஆள்."

1995இல் நகரத்தின் தென்மேற்கு ஓரத்தில் புதிய சாலைகள் போட்டுக்கொண்டிருந்தார்கள். துவாரகா பாதி வரைபடத்திலும் பாதி மண்மேடாகவும் இருந்த காலம். அங்கே ஒரு கோல் சக்கருக்கு, அதாவது ரவுண்டானாவுக்கு, சிற்பம் வேண்டும் என்று ஓர் அரசுத் துறை போட்டி வைத்தது. மேகலா அந்த ஆறு பேரையும் ஒரு முழ உயர மாதிரியாகச் செய்து அனுப்பினாள். தேர்வானது. பதினெட்டு அடி உயரத்துக்கு ஆறு பேர். அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது.

பீடம் கட்டும் வேலையைப் பார்த்துக்கொள்ள ஓர் இளநிலைப் பொறியாளரைப் போட்டார்கள். நாகர்கோவில்காரர், பெயர் அச்சுதன். முனிர்காவில் ஓர் அறையில் வேறு மூன்று தமிழ்ப் பையன்களோடு தங்கியிருந்தார். அவர் தமிழர் என்பது மேகலாவுக்குத் தெரியாது. அவள் தமிழச்சி என்பது அவருக்கும் தெரியாது. இரண்டு மாதம் இருவரும் இந்தியிலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். "ஆறு பேரும் ஒரே பக்கம் சாய்கிறார்கள். அதனால் எடை எல்லாம் அந்தப் பக்கம் இழுக்கும்" என்று அவர் கணக்குப் போட்டு, அஸ்திவாரத்தை எதிர்ப்பக்கம் நீட்டிக் கட்டினார். மண்ணுக்கு அடியில் யாரும் பார்க்க முடியாத அந்த நீட்டலுக்காக மேலதிகாரியிடம் சண்டை போட்டார்.

பீடம் முடிந்த பிறகு ஒரு கூட்டம். அந்தத் துறைக்குப் புதிதாக வந்த பெரிய அதிகாரி மாதிரியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"இவர்கள் யாருக்காகக் காத்திருக்கிறார்கள், மேடம்?"

"பஸ்ஸுக்கு, சார்."

"பஸ் எங்கே?"

"இன்னும் வரவில்லை, சார்."

அறையில் யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. "சர்க்கார் பஸ் வராது என்று பதினெட்டு அடி உயரத்தில் எழுதி வைக்கச் சொல்கிறீர்களா?" என்றார். பிறகு கொஞ்சம் இறங்கி, அக்கறையோடுதான் கேட்டார்: "எல்லோரும் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பதுபோல் செய்ய முடியாதா?"

மேகலா முடியாது என்றாள்.

அடுத்த வாரம் அவள் வேலையிடத்துக்குப் போனபோது ஆட்கள் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அச்சுதன் தலைகுனிந்து நின்றார். "ரோக் தியா, மேடம்" என்றார். நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். மேகலா பீடத்தின் மேல் ஏறி உட்கார்ந்து, அம்பாசமுத்திரத்துத் தமிழில் அந்த அதிகாரியையும் அவர் ஏழு தலைமுறையையும் வாய்க்கு வந்தபடி திட்டினாள். யாருக்கும் புரியாது என்ற தைரியம். அச்சுதன் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"நீங்க எந்த ஊருங்க?" என்றார் தமிழில்.

அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. அவர் பக்கத்தில் வந்து பீடத்தைக் கையால் தட்டினார். "இது எங்கயும் போவாது, கேட்டியளா. நாலு யானைய ஏத்தினாலும் தாங்கும். இன்னைக்கு இல்லேன்னா இன்னொரு நாள் வைப்பாங்க."

மறு வருடம் அவர்களுக்குக் கல்யாணம் ஆனது. பரமசிவத்துக்கு அதில் இருந்த சந்தோஷம், மருமகன் அரசாங்க உத்தியோகம் என்பது. மேகலாவுக்கு இருந்த சந்தோஷம், இவள் செய்யும் ஒவ்வொன்றும் காற்றில் விழாமல் நிற்குமா என்று இரவு சாப்பாட்டு மேஜையில் கணக்குப் போட்டுச் சொல்ல ஓர் ஆள். ராய்ப்பூர் முறம், ஒடிசா நுழைவாயில், கடற்கரைக் கைகள், எல்லாவற்றிலும் மேலே தெரிவது அவளுடையது, மண்ணுக்குள் இருப்பது அவருடையது. உறவினர்கள் முன்னால் அவரை "இவங்க" என்பாள். வேறு எப்போதும் "அச்சு"தான்.

2004இல் துவாரகாவில் இந்த பிளாட்டை வாங்கியதுகூட அவர் பிடிவாதத்தில்தான். மேகலாவுக்கு லோதி ரோடு பக்கமே வாடகைக்கு இருந்தால் போதும் என்றிருந்தது. "பீடம் பக்கத்துல இருக்கலாம்லா" என்றார் அவர். வீட்டிலிருந்து ஊருக்குள் எங்கே போனாலும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

பீடத்தைத்தான் எல்லோரும் அவரவர் வசதிக்கு எடுத்துக்கொண்டார்கள். கோடையில் ஒருவர் மண்பானைகளை அடுக்கி விற்றார். குளிர்காலத்தில் தெருநாய்கள் வரிசையாக வெயில் காய்ந்தன. போக்குவரத்துப் போலீஸ்காரர் குடை நட்டார். ஒரு குடியரசு தினத்துக்கு மூவர்ணம் அடித்தார்கள், அடுத்த வருடம் அதன்மேல் ஒரு பயிற்சி மையத்தின் விளம்பரம் ஏறியது. ரவுண்டானா போய் சிக்னல் வந்தது. பீடம் ஒரு முக்கோணத் திட்டில் ஒதுங்கி நின்றது. மேகலா அந்தத் துறைக்குப் பல தடவை நடந்தாள். ஒவ்வொரு அதிகாரியும் அச்சா, அச்சா என்று கேட்டுக்கொண்டார். ஒரு கட்டத்தில் அவள் போவதை நிறுத்திவிட்டாள். பீடம் வரும்போது பஸ்ஸில் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள். அச்சுதன் மட்டும் ஒரு தடவைகூடத் தவறாமல் எட்டிப் பார்த்து, "ஜம்முனு இருக்கு" என்பார்.

"எனக்கு ஆறு பேரும் கனவுல வருவாங்க" என்று மேகலா ஒரு தடவை சொன்னாள். "நாப்பது அடிக்கு வேற ஏதோ செஞ்சிட்டிருப்பேன். இவங்க பதினெட்டு அடிதான். ஆனா இவங்களத்தான் மனசு தேடும்."

அச்சுதனுக்குச் சிறுநீரகம் கெட்டது 2020இல். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். மேகலா வந்த வேலைகளை எல்லாம் தள்ளிப் போட்டாள். மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் மற்றவர்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்க, இவள் ஆட்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். உள்ளே இருந்து பெயர் கூப்பிடும்போது எல்லோர் உடம்பும் கதவுப் பக்கம் சாயும் என்று என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, "எனக்கு வேற எதுவும் கண்ணுல படாது போல" என்று தன்னைத்தானே நொந்துகொண்டாள்.

ஒரு ஜனவரி மாதம், டயாலிசிஸ் முடிந்து டாக்சியில் திரும்பும்போது, பீடத்தருகே வண்டியை நிறுத்தச் சொன்னார் அச்சுதன். நல்ல வெயில் நாள். நாய்கள் படுத்திருந்தன. அவர் கதவைத் திறந்து, இறங்க முடியாமல், காலை மட்டும் வெளியே வைத்து உட்கார்ந்தார்.

"மேல ஏறு" என்றார்.

"எதுக்கு?"

"யார் யார் எங்க நிக்காங்கன்னு காட்டு. நான் போன பொறவு வச்சாங்கன்னா நான் எப்படிப் பாக்க?"

"வாய மூடுங்க அச்சு."

"சும்மா ஏறு. வெயிலு போயிரும்."

ஐம்பத்திரண்டு வயதில், சல்வாரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேகலா பீடத்தின் மேல் ஏறினாள். நாய்கள் எழுந்து இடம் விட்டன. முதலில் அப்பா நிற்கும் இடத்தில் நின்றாள். டிபன் பை இருப்பதுபோல் கையைத் தொங்கவிட்டு, சாலைப் பக்கம் சாய்ந்து, கண்ணை இடுக்கினாள். பிறகு இரண்டடி தள்ளி, இடுப்பில் குழந்தையோடு நிற்கும் பெண்ணாக நின்றாள். பிறகு சர்தார்ஜி. பள்ளிச் சிறுமிக்கு எட்டாது என்பதால் நுனிக்காலில் நின்றாள். கொத்தனார். கடைசியில் மாணவன். அச்சுதன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். "கொத்தனார் கொஞ்சம் கூடுதலா சாயுதாரே, தாங்குமா?" என்றார். "நீங்க கட்டினதுதானே, தாங்கும்" என்றாள் இவள். சிக்னலில் நின்ற வண்டிகளிலிருந்து ஆட்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

டாக்சி ஓட்டுநருக்குத் தாங்கவில்லை. "மேடம்ஜி, பஸ் எதற்கு? நான்தான் இருக்கிறேனே" என்றார். அச்சுதன் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து நிற்கவே இல்லை.

அந்த வருடம் ஆகஸ்ட் மாதம் அவர் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் மேகலா ஷெட்டுப் பக்கம் போகவில்லை. மகள் மேதாவுக்குக் குருகிராமில் ஒரு நிதி நிறுவனத்தில் வேலை. அம்மாவைத் தன்னோடு வரச் சொல்லிப் பார்த்தாள். போகவில்லை. மேகலா என் வீட்டுக்கு வருவாள், காபி குடிப்பாள், பேசிக்கொண்டே இருக்கும்போது பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுவாள். மீதியைக் கேட்க வேண்டிய ஆள் நானில்லை என்பது எனக்கே தெரியும்.

2024இல் அந்த போன் வந்தது. நகரத்தை அழகுபடுத்தும் திட்டம் ஒன்று, பழைய கோப்புகளைப் புரட்டிய யாரோ அந்த மாதிரியின் புகைப்படத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள். புதிய அதிகாரிக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. மெட்ரோ வந்துவிட்ட ஊரில் பஸ்ஸுக்குக் காத்திருப்பது இப்போது ஒரு பழைய நாள் அழகாகிவிட்டதாம். யாரையும் குத்துவதாக இனி யாரும் நினைக்க மாட்டார்களாம்.

"சந்தோஷமா இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கணும்" என்றாள். பிறகு, "அச்சு இல்லாம இது எதுக்கு எனக்கு?" என்றாள். ஆனால் மறுநாளே ஷெட்டைத் திறந்தாள்.

ஆறு பேரையும் மறுபடி செய்தாள். முகங்கள் முன்பைவிட எளிமையாகின. சாய்வு மட்டும் கூடியது. தகடுகளை வளைத்து, ஒட்டி, தேய்த்து, எட்டு மாதம். சிற்பங்கள் ஷெட்டில் படுத்த வாக்கில் இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை மேதாவை அழைத்துக்கொண்டு பீடத்தைப் பார்க்கப் போனாள். அங்கே நின்று, இன்னார் இங்கே, இன்னார் அங்கே, எல்லோரும் இந்தப் பக்கம் பார்ப்பார்கள் என்று காட்டினாள்.

மேதா சாலையை இரண்டு பக்கமும் பார்த்தாள். "அம்மா, இவங்க உல்டா பாக்கறாங்களே" என்றாள்.

"என்ன உல்டா?"

"பஸ் உதர்சே வருதும்மா. அந்த சைடுலேர்ந்து. இது ஒன்-வே ஆயி கித்னா சால், எத்தனை வருஷம் ஆச்சு."

மேகலா நிமிர்ந்து பார்த்தாள். உண்மைதான். சுரங்கப்பாதை வந்த பிறகு இந்தச் சாலையை ஒருவழி ஆக்கியிருந்தார்கள். எத்தனையோ வருடமாக அவளே அந்தப் பஸ்ஸில் வந்து போயிருக்கிறாள். பீடத்தைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டதில் இது உறைக்கவே இல்லை. அச்சுதனும் சொன்னதில்லை. அவருக்கு இது தெரிந்திருக்காது என்று அவளால் நம்ப முடியவில்லை. பீடத்தின் மேல் அவள் ஒவ்வோர் ஆளாக நின்று காட்டிய அன்று, வண்டிகள் எதிர்ப்பக்கத்திலிருந்துதான் வந்துகொண்டிருந்தன. அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை.

கட்டுமானத்தைச் சரிபார்க்கும் பொறியாளர் வைஷ்ணவி, சேலத்துப் பெண், டெல்லிக்கு வந்து ஐந்து வருடம்தான். பீடத்தைச் சோதித்துவிட்டு நல்ல செய்தி சொல்லியிருந்தாள். மேலே சில விரிசல்கள், ஒட்டினால் போதும், அஸ்திவாரம் அப்படியே இருக்கிறது என்று. மேகலா இப்போது அவளைக் கூப்பிட்டு, ஆறு பேரையும் திருப்பி வைக்க முடியுமா என்று கேட்டாள்.

"திருப்பினா எடை எதிர்ப்பக்கம் இழுக்கும், மேம். இந்த அஸ்திவாரம் பழைய சாய்வுக்குன்னே ஒரு பக்கம் நீட்டிக் கட்டினது. மே மாசம் ஆந்திப் புயல் அடிச்சா தாங்காது. திருப்பணும்னா பீடத்தை மொத்தமா உடைச்சிட்டு புதுசாத்தான் போடணும்."

"முழுக்கவா?"

"முழுக்க."

வைஷ்ணவிக்கு அந்த பீடத்தின் கதை தெரியும். "அப்படியே வெச்சிடலாம் மேம்" என்றாள். "எந்தப் பக்கம் பாத்தா என்ன? யாரும் கவனிக்கப் போறதில்ல. அழகாத்தான் இருக்கும். சார் கட்டினதும் அப்படியே நிக்கும்."

ஒரு வாரம் மேகலா யோசித்தாள். என் வீட்டுச் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, நான் சப்பாத்தி இட்டுக்கொண்டிருக்க, இரண்டு பக்கமும் அவளே வாதாடினாள். அந்த பீடம்தான் அச்சு அவளுக்கென்று கட்டிய முதல் பொருள். அவர் கை வைத்துத் தட்டிய கான்கிரீட். இருபத்தேழு வருடம் அவர் நலம் விசாரித்தது. அதை உடைத்துவிட்டு எதன் மேல் எதை நிறுத்துவது? நானும் சொன்னேன், விட்டுவிடு, பார்க்கிறவர்களுக்குத் தெரியாது என்று.

"அவங்களுக்குத் தெரியுமே" என்றாள்.

"யாருக்கு?"

"அந்த ஆறு பேருக்கு." சொல்லிவிட்டு அவளுக்கே கூச்சமாகிவிட்டது. ஆனால் அங்கிருந்துதான் பேச்சு வந்தது. "வராத பக்கத்தப் பாத்துட்டு நிக்கறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். சாயங்காலம் ஆறரை ஆனா லிஃப்ட் சத்தத்துக்கு எந்திரிச்சு உக்காருவேன். இன்னமும். நான் நிக்கலாம், எனக்கு வேற வழியில்ல. இவங்கள ஏன் அப்படி நிறுத்தணும்? இவங்களுக்கு பஸ் வரணும். லேட்டா வந்தாலும் வரணும்."

உடைக்கச் சொல்லிவிட்டாள்.

உடைத்த அன்று மேதா லீவு போட்டுவிட்டு வந்தாள். நானும் போயிருந்தேன். ஒரு நாளில் முடியும் என்று வந்த ஆட்கள் மூன்று நாள் எடுத்துக்கொண்டார்கள். இயந்திரத்தின் முனை இரண்டு தடவை மழுங்கியது. இரண்டாவது நாள் மத்தியானம் ஒப்பந்தக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து இந்தியில் எரிந்து விழுந்தார். "எந்தக் கிறுக்கன் கட்டினது இதை? ஒரு பொம்மைக்கு இவ்வளவு கம்பியா?"

மேகலா கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். "என் வீட்டுக்காரர்" என்றாள்.

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவளோ பெருமையில் பூரித்துப்போய் நின்றாள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைப் பற்றி யாரோ நல்லதாகச் சொன்னதுபோல் முகம். அடுத்த நிமிடமே துப்பட்டாவால் மூக்கையும் கண்ணையும் சேர்த்து மூடிக்கொண்டாள். தூசி பறந்துகொண்டிருந்ததும் உண்மை. மேதா அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

புதிய அஸ்திவாரத்தின் மேல் பீடமே வேண்டாம் என்று மேகலா முடிவு செய்தாள். ஆறு பேரும் நேராகத் தரையில் நிற்கட்டும், நடந்து போகிறவர்கள் நிற்கிற அதே தரையில். அச்சுதனின் பீடம் இருந்த இடத்தில் இன்னொரு பீடத்தைப் பார்க்க அவளுக்கு மனம் இல்லை என்பதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. போன வருடம் பிப்ரவரியில் கிரேன் வந்து ஒவ்வொருவரையாகத் தூக்கி நிறுத்தியது. டிபன் பை பிடித்தவர்தான் முதலில். பரமசிவம் காலமாகிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. பதினெட்டு அடி உயரத்தில் அவர் நம்பர் பார்த்துக்கொண்டு நின்றார். பஸ் வரும் பக்கம்.

திறப்பு விழாவில் ஒருவர் ரிப்பன் வெட்டினார், நிறையப் பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். மேகலாவைப் பேச அழைத்தபோது நன்றி என்று மட்டும் சொல்லி இறங்கிவிட்டாள். திரும்பும் வழியில் மெட்ரோவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"இவ்வளவு வருஷமா இதுக்குத்தான் ஏங்கினேன்னு நெனச்சேன்" என்றாள். "நல்லா வந்திருக்கு. குறையே சொல்ல முடியாது. ஆனா வச்சு முடிச்சதும் திரும்பிப் பாத்தேன், பாரு. அங்க டாக்சி எதுவும் நிக்கல."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இந்த ஜனவரியில் மூடுபனி கடுமையாக இருந்த ஒரு காலை அவள் ஷெட்டுக்குப் போகும் வழியில் அங்கே இறங்கினாள். வெல்டிங் ஒட்டில் துரு பிடிக்கிறதா என்று அவ்வப்போது பார்ப்பாள். கொத்தனாரின் காலடியில் குனிந்து, கையுறையால் ஒட்டைத் தடவிக்கொண்டிருந்தபோது, பனிக்குள்ளிருந்து இரண்டு மஞ்சள் விளக்குகள் வந்து, கிறீச்சென்று பக்கத்தில் நின்றன. டி.டி.சி. என்கிற டெல்லி அரசு பஸ். கதவு திறந்தது. பனியில் சாய்ந்து நின்ற ஆட்களைப் பார்த்து, ஓட்டுநர் ஸ்டாப் என்று நினைத்துவிட்டார். நடத்துநர் தலையை நீட்டி, "ஜல்தி, ஜல்தி!" என்று கத்தினார். மேலே பார்த்தார். இன்னும் மேலே பார்த்தார். சிரிக்க ஆரம்பித்துவிட்டார். பிறகு கீழே நின்ற மேகலாவைப் பார்த்து, "நீங்களாவது ஏறுவீர்களா?" என்றார்.

ஏறினாள். எங்கே போகிற பஸ் என்றுகூடப் பார்க்கவில்லையாம். டிக்கெட் கேட்டபோது, "எது வரை போகும்?" என்று இவள் கேட்க, நடத்துநர் மறுபடி சிரித்தாராம்.

அன்று மத்தியானம் நேராக என் வீட்டுக்கு வந்து, நின்றுகொண்டே, கையை ஆட்டி ஆட்டி இதைச் சொன்னாள். நடத்துநரைப் போலவே தலையை நீட்டிக் காட்டினாள். நாங்கள் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் அவள் சோபாவில் உட்கார்ந்து, சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அச்சு கிட்ட சொல்லணும்" என்றாள்.

நான் காபி போட எழுந்தேன். அடுத்த வாரம் அவளுக்கு ராய்ப்பூர் போக வேண்டியிருந்தது. முறத்துக்கு வர்ணம் பூச வேண்டும், கூடவே அங்கே புதிதாக ஏதோ கேட்கிறார்களாம். காற்று அங்கே எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று, டம்ளரை வாங்கிக்கொண்டே, தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்தாள்.